17பி விசாரணையில் எது சாட்சியம், எது வெறும் காகிதம்?

அரசு அலுவலகத்தில் துறை விசாரணை (ஊழியர் மீதான குற்றச்சாட்டைத் துறையே விசாரிப்பது, தமிழ்நாட்டில் பெரிய தண்டனைக்கான விசாரணைக்கு 17பி என்று பெயர்) பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "துறை விசாரணைக்குச் சாட்சியச் சட்டமெல்லாம் பொருந்தாதுங்க." விசாரணை அலுவலராக நியமிக்கப்பட்டவர் இதைத் தைரியமாகச் சொல்வார், குறிப்பாணை, அதாவது குற்றச்சாட்டைத் தெரிவிக்கும் கடிதம், வாங்கியவர் பயந்துபோய்ச் சொல்வார். சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை இரண்டு பேருமே விட்டுவிடுவதால்தான், உண்மையிலேயே தவறு செய்த ஒருவர் பல வருடம் கழித்து உயர் நீதிமன்றத்தில் தப்பித்து முழுச் சம்பளப் பாக்கியோடு திரும்பி வருகிறார், தவறே செய்யாத இன்னொருவர் ஊதிய உயர்வையும் பதவி உயர்வையும் இழந்து அப்படியே ஓய்வு பெற்றுவிடுகிறார். இரண்டுமே மக்கள் பணத்துக்கும் மனித வாழ்க்கைக்கும் நடக்கிற அநியாயம்.

அந்த மீதிப் பாதி அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. பிரிவு 311(2), குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரணை நடத்தி, நியாயமான வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் ஓர் அரசு ஊழியரைப் பணியிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ முடியும் என்கிறது. 1976-ல் வந்த 42-வது திருத்தத்துக்கு முன்பு, விசாரணை முடிந்ததும் "இந்தத் தண்டனை ஏன் தரக் கூடாது" என்று கேட்கிற இரண்டாவது வாய்ப்பும் இருந்தது. திருத்தம் அதை எடுத்துவிட்டது, ஆனால் எடுக்கும்போது ஒரு நிபந்தனையும் போட்டது: தண்டனையை, அந்த விசாரணையின்போது முன்வைக்கப்பட்ட சாட்சியத்தின் அடிப்படையில் விதிக்கலாம் என்று. 'விசாரணையின்போது' என்ற இந்தச் சொல்லைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். விசாரணைக்கு முன்பே கோப்பில் கிடந்தது, மேலதிகாரி மனதில் இருந்தது, ஊரே பேசிக்கொண்டது எதுவும் அந்தச் சொல்லுக்குள் வராது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக் குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17ஏ என்பது விளக்கம் கேட்டு, அதைப் பரிசீலித்து, கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனையோடு முடிகிற வழி. 17பி என்பது சாட்சிகளை வைத்து வாய்மொழி விசாரணை நடத்தி, பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் (removal), பணியறவு (dismissal) வரைக்கும் போகக்கூடிய வழி. காவல்துறையின் சார்நிலைப் பணிக்கு இதே வேலையை 3ஏ, 3பி செய்கின்றன, மத்திய அரசு ஊழியர்களுக்கு 1965-ஆம் ஆண்டு விதிகளின் 16-ம் 14-ம். சாட்சியத்தை எடைபோடும் பிரச்சினை முழுக்க 17பி பக்கம்தான் வரும்.

சரி, சாட்சியச் சட்டம் பொருந்தாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ஒரு பேருந்து நடத்துநர் வழக்கு. ஹரியானா மாநிலம் எதிர் ரத்தன் சிங், 1977, தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். பறக்கும் படை பேருந்தை மறித்துச் சோதனை போட்டது. சில பயணிகளிடம் டிக்கெட் இல்லை, ஆனால் பணம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். விசாரணையில் அந்தப் பயணிகள் ஒருவரைக்கூட அழைக்கவில்லை, சோதனை போட்ட ஆய்வாளர் மட்டும் வந்து நடந்ததைச் சொன்னார். உடன் இருந்த இன்னொரு நடத்துநர்கூடக் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகத்தான் பேசினார். கீழே இருந்த நீதிமன்றங்கள், பயணிகளை விசாரிக்காமல் எப்படி என்று கேட்டுப் பணிநீக்கத்தை ரத்து செய்தன. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிதானமான ஒரு மனிதன் தர்க்கப்படி ஏற்கக்கூடிய எந்தப் பொருளையும் துறை விசாரணையில் பார்க்கலாம், செவிவழிச் செய்திகூட நம்பத்தக்கதாகவும் விஷயத்தோடு தொடர்புள்ளதாகவும் இருந்தால் தீண்டத்தகாததல்ல, ஏதோ கொஞ்சம் சாட்சியம் இருந்தால் நீதிமன்றம் தலையிடாது என்றது.

இந்தத் தீர்ப்பை நீட்டுகிறவர்கள் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஆய்வாளர் தன் கண்ணால் பார்த்தார். பேருந்துக்குள் ஏறியது அவர், டிக்கெட் கேட்டது அவர், விசாரணையில் வந்து உட்கார்ந்து குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னதும் அவர்தான். பயணிகள் சொன்னதை அவர் வாயால் கேட்டது செவிவழி என்றாலும், டிக்கெட் இல்லாமல் ஆட்கள் இருந்தார்கள் என்பது நேரடிச் சாட்சியம். அந்தக் கொஞ்சம் அங்கே இருந்தது.

கொஞ்சம்கூட இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கும் முந்தைய வழக்கு ஒன்று உண்டு. இந்திய அரசு எதிர் ஹெச்.சி.கோயல், உச்ச நீதிமன்றம் 1963-ல் சொன்னது. மத்தியப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் தன் பணி விஷயமாக மேலதிகாரி ஒருவரை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். பேச்சின் நடுவே சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். அது மடித்த நூறு ரூபாய் நோட்டு என்று அதிகாரிக்குத் தோன்றியது. அவர் கடுமையாகப் பேச, பொறியாளர் கிளம்பிவிட்டார். நோட்டை அவர் நீட்டியதும் இல்லை, இவர் தொட்டதும் இல்லை, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தையும் வரவில்லை. விசாரணை அலுவலர் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றார். அரசு அதை ஏற்காமல் பணியறவு செய்தது. அரசு கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், அது போதாது, கோப்பில் சாட்சியமே இல்லாமல் எடுத்த முடிவு நிற்காது, துறை விசாரணையாக இருந்தாலும் சந்தேகம் நிரூபணத்தின் இடத்தில் உட்கார முடியாது என்று சொன்னது. லஞ்சத்தை வேரோடு அழிக்க வேண்டும் என்ற அக்கறையில் நிரபராதி மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற கவலை அந்தத் தீர்ப்பு முழுக்கத் தெரியும். எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த தீர்ப்பு இதுதான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அளவுகோல் புரிந்துவிடும். குற்றவியல் நீதிமன்றத்தில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில், நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்கிற அளவுக்குத் தராசு சாய்ந்தால் போதும். ஆனால் சாய்வதற்குத் தட்டில் ஏதாவது இருக்க வேண்டும்.

இப்போது காகிதத்துக்கு வருவோம், பெரும்பாலான 17பி விசாரணைகள் தடுமாறுவது இங்கேதான். ரூப் சிங் நேகி எதிர் பஞ்சாப் நேஷனல் வங்கி (2009 தொகுப்பில் வெளியான தீர்ப்பு) அரசு ஊழியர் வழக்கு அல்ல, ஒரு வங்கியின் கடைநிலை ஊழியர் வழக்கு, ஆனால் சொன்ன விஷயம் எல்லாத் துறைக்கும் பொருந்தும். வரைவோலைப் புத்தகம் காணாமல் போனது. காவல்துறையிடம் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தையும் மற்ற காகிதங்களையும் விசாரணையில் தாக்கல் செய்தார்கள், அவற்றில் எழுதியிருப்பதை நிரூபிக்க ஒரு சாட்சியும் வரவில்லை. முதல் தகவல் அறிக்கை தானாகவே சாட்சியம் ஆகாது, ஆவணத்தைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் அதன் உள்ளடக்கம் நிரூபணமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் பணியறவை ரத்து செய்தது.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் முதற்கட்ட விசாரணை. ஓர் அதிகாரி ஊழியருக்குத் தெரியாமலேயே பத்துப் பேரிடம் வாக்குமூலம் வாங்கி அறிக்கை கொடுக்கிறார். அதில் தவறே இல்லை, குறிப்பாணை கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அது வேண்டும். அப்புறம் 17பி விசாரணை தொடங்குகிறது. பத்துப் பேரில் இரண்டு பேர் வருகிறார்கள், மற்றவர்களை அழைத்ததாகவே தெரியவில்லை, ஆனால் விசாரணை அறிக்கையில் மட்டும் "முதற்கட்ட விசாரணையில் அனைவரும் தெளிவாகக் கூறியுள்ளனர், எனவே குற்றச்சாட்டு நிரூபணமாகிறது" என்று ஒரே வரி. அந்த எட்டுப் பேரிடம் ஊழியர் ஒரு கேள்வி கேட்டதில்லை. பழைய வாக்குமூலத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. சாட்சியை வரவழைத்து, முன்பு கொடுத்த வாக்குமூலத்தைக் காட்டி, ஆமாம் நான் சொன்னதுதான் என்று அவர் ஒப்புக்கொண்டு, அதன் நகலை ஊழியரிடம் கொடுத்து, குறுக்கு விசாரணைக்கும் விட்டால் போதும், முழுக்கதையையும் திரும்பச் சொல்ல வைக்கத் தேவையில்லை என்று மைசூர் மாநிலம் எதிர் சிவபசப்பா வழக்கிலேயே (1963 தொகுப்பு) சொல்லிவிட்டார்கள். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய் மொத்த விசாரணையும் விழுகிறது. தில்லிக் காவலர் குல்தீப் சிங் வழக்கில் (1999 தொகுப்பு) தொழிலாளிகளுக்குச் சேர வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டார் என்று புகார். புகார் சொன்ன தொழிலாளிகளை அழைக்காமல் அவர்களுடைய பழைய வாக்குமூலத்தையே நம்பியதால் அந்தப் பணியறவும் போனது.

தராசு எப்படிச் சாய்கிறது என்பதை ஒரு கற்பனை உதாரணத்தில் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டா மேல்முறையீட்டுக் கோப்பு ஒன்றைக் காணவில்லை. அந்த இருக்கையின் உதவியாளர் மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: ஒன்று, தன் பொறுப்பில் இருந்த கோப்பைத் தொலைத்தார், இரண்டு, எதிர்த்தரப்புக்கு ஆதாயம் கிடைப்பதற்காக வேண்டுமென்றே தொலைத்தார். அவருடைய தன்பதிவேட்டில் (தன்னிடம் வந்துபோகும் கோப்புகளை அவர் குறித்துவைக்கும் பதிவேடு) 4-ம் தேதி கோப்பு கண்காணிப்பாளருக்கு வைக்கப்பட்டது என்று பதிவு இருக்கிறது, திரும்பி வந்ததாகப் பதிவு இல்லை. கண்காணிப்பாளர் சாட்சி சொல்கிறார்: "அன்றைக்குச் சாயந்திரமே கட்டோடு திருப்பி அனுப்பிவிட்டேன்." கோப்புக் கட்டுகளைத் தூக்கிச் செல்லும் அலுவலக உதவியாளர் (இவர் வேறு ஆள்) சொல்கிறார்: "கட்டைத் தூக்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன், உள்ளே என்னென்ன கோப்பு இருந்தது என்று எனக்குத் தெரியாது." உதவியாளர் 6-ம் தேதியிலிருந்து 20 வரை மருத்துவ விடுப்பு. பொறுப்பு ஒப்படைத்த பட்டியல் எதுவும் இல்லை.

அவசரக்கார விசாரணை அலுவலர் இதைப் பார்த்ததும், "கோப்பு எங்கே என்று உதவியாளரால் திருப்திகரமாக விளக்க முடியவில்லை" என்று எழுதிவிடுவார். இது நிரூபிக்கும் பொறுப்பை ஊழியர் தலையில் கட்டுவது. குற்றச்சாட்டை நிரூபிக்க வேண்டியது துறை, இந்தப் பொறுப்பைத் திருப்பிப் போடக் கூடாது என்று எம்.வி.பிஜ்லானி வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கண்காணிப்பாளரின் வார்த்தையை மட்டும் வைத்து முடிப்பதும் சரியில்லை, ஏனென்றால் கோப்பு திரும்பவில்லை என்றால் மாட்டிக்கொள்ளப் போவது அவர்தான். அதற்காக அவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது, அவர் சொல்வதற்கு வெளியிலிருந்து ஒரு தாங்கல் வேண்டும், அவ்வளவுதான். அலுவலக உதவியாளருக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, எனவே கட்டு திரும்பி வந்தது என்பது வரைக்கும் அவரை நம்பலாம், அதற்கு மேல் அவர் வார்த்தை இழுத்த இழுப்புக்கு வராது.

பொறுமையான விசாரணை அலுவலர் என்ன செய்வார்? தன்பதிவேட்டை மறுபடி எடுப்பார். அதே 4-ம் தேதி அதே கண்காணிப்பாளருக்கு வேறு மூன்று கோப்புகளும் போயிருக்கின்றன. அவை மூன்றும் அன்றைக்கே திரும்பி வந்ததாக உதவியாளரின் கையெழுத்திலேயே பதிவு இருக்கிறது, அதில் ஒன்றில் 5-ம் தேதி அவர் குறிப்பும் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் கட்டு வந்திருக்கிறது. நான்காவது மட்டும் மேலேயே நின்றிருந்தால் 5-ம் தேதி அவர் கேட்டிருப்பாரே, கேட்டாரா? குறுக்கு விசாரணையில் கேட்டால், இல்லை என்கிறார். இப்போதுதான் தட்டு சாய்கிறது. உறுதியாகச் சாயவில்லை, ஆனால் கோப்பு அவரிடம் திரும்பியிருக்கவே அதிக வாய்ப்பு என்ற அளவுக்குச் சாய்கிறது. முதல் குற்றச்சாட்டு நிரூபணம். அதே மூச்சில், விடுப்புக் காலத்தில் பீரோ சாவி யாரிடம் இருந்தது, பட்டியல் வாங்காமல் பொறுப்பை மாற்றியது யார் என்பதும் அறிக்கையில் வர வேண்டும், ஏனென்றால் தண்டனையின் அளவு அதைப் பொறுத்தது. இரண்டாவது குற்றச்சாட்டுக்கு என்ன இருக்கிறது? கோப்பு தொலைந்ததால் ஒருவருக்கு லாபம், அது மட்டும்தான். அவரோடு உதவியாளர் பேசினார், சந்தித்தார், பணம் வாங்கினார் என்று ஒரு துரும்பும் இல்லை. இது கோயல் வழக்கின் மடித்த தாள். நிரூபணமாகவில்லை என்றுதான் எழுத வேண்டும், மேலே இருந்து எவ்வளவு அழுத்தம் வந்தாலும்.

குற்றச்சாட்டு வாரியாகத் தனித்தனியே இப்படி எழுதப்பட்ட அறிக்கைகள் குறைவு. "சாட்சிகள், ஆவணங்கள் அனைத்தையும் கவனமாகப் பரிசீலித்ததில் குற்றச்சாட்டுகள் 1 முதல் 5 வரை ஐயமின்றி நிரூபணமாகின்றன" என்ற ஒற்றை வரி நிறையப் பேரின் வேலையைப் பறித்திருக்கிறது. பரிசீலித்த விதம் தெரியாத பரிசீலனையை மேல்முறையீட்டில் யாரும் சரிபார்க்க முடியாது.

லஞ்ச வழக்குகளில் இன்னொரு குழப்பம். பொறி வைத்துப் பிடிக்கும்போது நோட்டில் பினாப்தலின் தூள் தடவியிருப்பார்கள், வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் விட்டால் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறியதாலேயே எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. குற்றவியல் வழக்கில் பணம் கேட்டதும் நிரூபணமாக வேண்டும், கையில் பட்டது மட்டும் போதாது. புகார்தாரர் பிறழ்சாட்சி ஆகிவிட்டால், அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டால், வழக்கு ஆட்டம் காணும். அப்போது துறை விசாரணை என்ன ஆகும்? விடுதலை ஆகிவிட்டால் துறை நடவடிக்கை தானாகவே செத்துவிடும் என்று ஊழியர்கள் நம்புகிறார்கள், அப்படி இல்லை. தென்காசியில் 1999-ல் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில், முக்கிய சாட்சிகள் நீதிமன்றத்தில் பிறழ்ந்ததால் அவர் விடுதலை ஆனார். அதை வைத்து உயர் நீதிமன்றம் மறுபடி பணியில் சேர்க்கச் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2012-ல் ரத்து செய்து, சாட்சி பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலையும் மாசற்றவர் என்று சொல்லிக் கிடைக்கும் விடுதலையும் ஒன்றல்ல என்றது.

எதிர்ப்பக்கத்தில் கோலார் தங்க வயல் பாதுகாப்பு அதிகாரி பால் ஆண்டனியின் வழக்கு (1999). வீட்டில் சோதனை போட்டுத் தங்கம் எடுத்ததாகக் குற்றச்சாட்டு. குற்றவியல் வழக்கும் துறை விசாரணையும் அதே சோதனை, அதே சாட்சிகள். நீதிமன்றம் அந்தச் சோதனையே நிரூபணமாகவில்லை என்று விடுதலை செய்தது. துறை விசாரணையோ அவர் இல்லாமலேயே முடிந்திருந்தது, பணியிடை நீக்கக் காலத்தில் தர வேண்டிய பிழைப்பூதியம்கூடக் கொடுக்காததால் அவரால் விசாரணைக்கு வந்துபோகவே வழியில்லை. ஒரே சாட்சியத்தை நீதிமன்றம் நம்ப முடியாது என்று தள்ளிய பிறகு அதை வைத்தே பணியறவு நிற்பது அநியாயம் என்று உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி பணியில் சேர்த்தது. ஆக, விடுதலை எப்படிக் கிடைத்தது, இரண்டு இடத்திலும் சாட்சியம் ஒன்றுதானா என்று பார்க்காமல் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது.

ஊழியர் வரவில்லை என்றால் நிரூபணம் என்று எழுதிவிடலாமா? கூடாது. விசாரணை அலுவலர் துறையின் வக்கீல் இல்லை, அரை நீதிபதி இடத்தில் இருப்பவர், எதிர்த்தரப்பு வராவிட்டாலும் சாட்சிகளை வைத்து நிரூபிக்க வேண்டும் என்று சரோஜ் குமார் சின்ஹா வழக்கில் (2010) சொல்லியிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் சிசிடிவி பதிவு, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் இல்லாமல் விசாரணை இல்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்துவிட்டது, நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுக்கு அதன் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். துறை விசாரணையில் அந்தக் கறார் அப்படியே வராது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்தவர் யார், எந்த போனில் எடுத்தார், முழு உரையாடல் எங்கே என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வந்தே ஆக வேண்டும்.

விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகலை ஊழியருக்குக் கொடுத்துக் கூடுதல் விளக்கம் கேட்க வேண்டும், இது முகமது ரம்ஜான் கான் (1990), கருணாகர் (1993) வழக்குகளில் இருந்து உறுதியான விதி. விசாரணை அலுவலர் நிரூபணமாகவில்லை என்று சொல்லி, தண்டனை அதிகாரி அதை ஏற்கவில்லை என்றால், ஏன் ஏற்கவில்லை என்ற தற்காலிகக் காரணங்களை எழுதிக் கொடுத்து விளக்கம் கேட்டாக வேண்டும் என்பது குஞ்ச் பிஹாரி மிஸ்ரா வழக்கு (1998). பழைய தண்டனைகளைச் சேர்த்துப் பார்த்து இப்போதைய தண்டனையைக் கூட்டப் போகிறார்கள் என்றால் அதையும் முன்பே சொல்ல வேண்டும், இது 1960-களிலேயே மஞ்சே கவுடா வழக்கில் வந்தது.

இவ்வளவும் எதற்கு இந்தக் கட்டத்திலேயே சரியாக நடக்க வேண்டும் என்றால், பிறகு சரிசெய்ய இடம் கிடையாது. உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டு நீதிமன்றம் போல உட்கார்ந்து சாட்சியத்தை மறுபடி எடைபோடாது, முடிவு எடுத்த முறையைத்தான் பார்க்கும் என்பது 1963-ன் ஸ்ரீராமராவ் வழக்கிலிருந்து 1995-ன் சதுர்வேதி, அதன்பின் குணசேகரன் வழக்கு வரை மாறாத நிலை. சாட்சியமே இல்லையா, நிதானமுள்ள யாரும் வர முடியாத முடிவா, இயற்கை நீதி மீறப்பட்டதா, இவற்றுக்கு வெளியே கதவு திறப்பது அரிது. விசாரணை அறையில் கேட்காமல் விட்ட கேள்வியை வழக்கறிஞர் ரிட் மனுவில் கேட்டுப் பலனில்லை.

அதனால் 17பி குறிப்பாணை கைக்கு வந்தால், விளக்கம் எழுத உட்காருவதற்கு முன்பு அதன் இணைப்புகளில் இருக்கும் ஆவணப் பட்டியலையும் சாட்சிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கு எதிரேயும், இதைப் பற்றி விசாரணையில் வந்து பேசப்போகிற சாட்சி யார் என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். காலியாக நிற்கிற இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த ஆவணங்களின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள், மறுத்தால் மறுத்ததையும் எழுத்தில் வாங்குங்கள். விசாரணை அலுவலராக நியமிக்கப்பட்டவரும் முதல் அமர்வுக்கு முன்னால் இதே பட்டியலைப் போட்டு, காலி இடங்களுக்கு ஆள் வருகிறாரா என்று துறைத் தரப்பை எடுத்து வைக்கும் முன்வைப்பு அலுவலரிடம் கேட்கலாம்.